வறட்சியில் மாடித்தோட்டம்: ஊற்றுகிற தண்ணீர் எங்கே போகிறது?

2019 ஜூன் மாதம் சென்னையில் இருந்தவர்கள் அந்த நாட்களை மறந்திருக்க மாட்டார்கள். பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் என நகரத்துக்குத் தண்ணீர் தருகிற நான்கு ஏரிகளும் தரை வெடித்துக் கிடந்தன. தெருமுனையில் லாரிச் சத்தம் கேட்டால் பிளாஸ்டிக் குடத்தோடு ஓடுவதுதான் எல்லோருக்கும் காலை வேலை. ஜூலை 12ஆம் தேதி ஜோலார்பேட்டையிலிருந்து வில்லிவாக்கத்துக்கு 50 வேகன்களில் 25 லட்சம் லிட்டர் தண்ணீர் ரயிலேறி வந்தது. குடிக்கவே அப்படி அல்லாடிய ஊரில் செடிக்கு என்ன மிஞ்சும்? எங்கள் மொட்டை மாடியில் நாற்பதுக்கு மேல் செடிப்பைகள் இருந்தன, அந்தக் கோடையைத் தாண்டியவை பதினொன்று. செத்தவற்றை நினைத்து வருத்தப்பட்டதைவிட, அந்தப் பதினொன்று மட்டும் எப்படிப் பிழைத்தன என்பதைத்தான் பிறகு ரொம்ப நாள் யோசித்துக்கொண்டிருந்தேன், ஏனென்றால் எல்லாப் பைக்கும் நான் ஊற்றியது ஒரே அளவு தண்ணீர்தான்.

புதிதாகத் தோட்டம் போடுகிறவர்கள் கோடையில் முதலில் கேட்பது "தினமும் எத்தனை லிட்டர் ஊற்ற வேண்டும்?" என்பதைத்தான். அதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: ஊற்றுகிற தண்ணீர் எங்கே போகிறது?

ஒரு பையில் ஊற்றிய தண்ணீருக்கு மூன்று வாசல்கள். மண்ணின் மேற்பரப்பிலிருந்து வெயிலும் காற்றும் உறிஞ்சிக்கொண்டு போவது ஒன்று. அடித்துளை வழியாக மாடித்தரைக்கு ஓடிப்போவது இன்னொன்று. மூன்றாவது, வேர் எடுத்து, தண்டு வழியாக ஏற்றி, இலையின் அடிப்பக்கம் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத துளைகள் வழியாக ஆவியாக விடுவது. இந்த மூன்றாவதுதான் செடியின் சொந்தச் செலவு. அதிலும் வேர் இழுக்கிற தண்ணீரில் நூற்றுக்கு 95 பங்குக்கு மேல் இலை வழியாக வெளியே போய்விடுகிறது, செடியின் உடம்பில் தங்குவது மிச்சம் இருக்கும் கொஞ்சம்தான். வீண் என்று நினைக்க வேண்டாம், நமக்கு வியர்வை மாதிரி, அந்த ஆவிதான் இலையைச் சூட்டில் வேகாமல் காப்பாற்றுகிறது, கீழே இருக்கிற சத்தை மேலே ஏற்றுவதும் அதே ஓட்டம்தான். ஆகவே அந்த வாசலை ஓரளவுக்கு மேல் அடைக்க முடியாது. முதல் இரண்டு வாசல்களையும் தாராளமாக அடைக்கலாம், அங்கே போவது யாருக்கும் உதவாத தண்ணீர்.

ஒரு சின்னக் கணக்குப் போட்டால் இது இன்னும் தெளிவாகும். ஒரு சதுர மீட்டர் பரப்பில் 1 மில்லிமீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் நின்றால் அது சரியாக 1 லிட்டர். சென்னை மே மாத வெயிலில் ஒரு சதுர மீட்டர் பசும்பரப்பு ஒரு நாளைக்குச் சுமார் 6 லிட்டர் தண்ணீரை ஆவியாக விடும் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டடி அகலத்துக்குப் படர்ந்த கத்தரிச் செடியின் பரப்பு கால் சதுர மீட்டரைக் கொஞ்சம் தாண்டும். அதன் தினச் செலவு ஒன்றரை லிட்டரிலிருந்து இரண்டு லிட்டருக்குள் முடிந்துவிடும். 12 அங்குலப் பையில் மண்கலவை நன்றாக ஊறியிருந்தால் செடி எடுத்துக்கொள்ளக்கூடிய ஈரம் நாலு லிட்டர் அளவுக்கு இருக்கும். கணக்குப்படி இரண்டு நாளுக்கு ஒருமுறை ஊற்றினால் போதும். ஆனால் காலையில் ஊற்றிய செடி அன்று மதியமே துவண்டு நிற்பதைத்தான் நாம் பார்க்கிறோம். தண்ணீர் வேறு வழியில் போயிருக்கிறது, இல்லையென்றால் மண்ணுக்குள் போகவே இல்லை.

மண்ணுக்குள் போகவே இல்லை என்பதைப் பலர் நம்ப மாட்டார்கள், நானும் நம்பவில்லை. அந்த வருடம் மே மாதம் ஒரு தக்காளிப் பைக்குக் குவளையால் ஊற்றிக்கொண்டிருந்தபோது, ஊற்றி முடிப்பதற்குள் அடித்துளையிலிருந்து தண்ணீர் சலசலவென்று வந்துவிட்டது. பரவாயில்லை, நிறைந்துவிட்டது என்று நினைத்து அடுத்த பைக்குப் போய்விட்டேன். நாலு நாள் கழித்து அந்தச் செடி காய்ந்து, பிடுங்கிப் பார்த்தால் வேர்க்கட்டியின் நடுவில் மண் மாவு மாதிரி உலர்ந்து கிடந்தது. என்ன நடந்திருக்கிறது என்றால், தேங்காய் நார்க்கழிவு அதிகம் கலந்த கலவை ஒருமுறை முழுக்கக் காய்ந்துவிட்டால் சுருங்கி, பையின் ஓரத்தை விட்டு விலகி ஒரு விரல் நுழைகிற அளவுக்கு இடைவெளி விட்டுவிடும். அதோடு, காய்ந்த கலவை தண்ணீரை ஏற்காமல் தள்ளும் குணத்துக்கும் வந்துவிடும். மேலே ஊற்றுவதெல்லாம் அந்த ஓர இடைவெளி வழியாக நேரே கீழே இறங்கி ஓடிவிடும். உங்கள் பையிலும் தண்ணீர் உடனே கீழே வந்தால் சந்தேகப்படுங்கள். பையை அப்படியே ஒரு டப்பில் வைத்து, டப்பில் நாலு விரல் உயரம் தண்ணீர் ஊற்றி, அரை மணி நேரம் கீழிருந்து குடிக்க விடுங்கள். மேல்மண் கறுத்து ஈரம் தெரிந்ததும் எடுத்து, அதே டப்பில் அடுத்த பையை வைக்கலாம். பிறகு ஓரத்து மண்ணை விரலால் உள்ளே அழுத்தி இடைவெளியை மூடிவிடுங்கள்.

இனிமேல் அந்த நிலைக்கு விடாமல் இருக்க என்ன வழி? மூடாக்கு. வறட்சிக்காலத் தோட்டத்தில் ஒரே ஒரு வேலைதான் செய்ய முடியும் என்று யாராவது சொன்னால், நான் இதைத்தான் செய்வேன். மண் வெயிலை நேராகப் பார்க்கக் கூடாது, அவ்வளவுதான் விஷயம். காய்ந்த இலை, வைக்கோல், உரித்த தேங்காய் மட்டையின் நார், எது கிடைக்கிறதோ அதை மூன்று விரல் கனத்துக்குப் பரப்பி, தண்டை ஒட்டி மட்டும் கொஞ்சம் இடம் விடுங்கள். தண்டோடு ஒட்டினால் அழுகும். கரும்புச் சாறு கடையில் சக்கை சும்மாவே தருவார்கள், ஆனால் அப்படியே போட்டால் எறும்பு புற்று வைத்துவிடும், ஒருமுறை அலசி ரெண்டு நாள் வெயிலில் காயவைத்துப் போடுங்கள். எங்கள் தெருவில் வேப்பமரங்கள் அதிகம், மாசி பங்குனியில் இலை கொட்டும்போது கூட்டி மூட்டை கட்டி வைத்துவிடுவேன், கோடை முழுக்க அதுதான். மூடாக்குப் போட்ட பையையும் போடாத பையையும் பக்கத்தில் வைத்து, மத்தியானம் இரண்டு மணிக்கு இரண்டிலும் மண்ணில் கை வையுங்கள். ஒன்றில் கையை வைக்க முடியாது. மற்றதில் இலையை விலக்கினால் உள்ளே குளிர்ச்சியாக, சில நேரம் ஒரு மண்புழுகூட நெளியும்.

மூடாக்குக்கு எதுவும் கிடைக்காவிட்டால் மேல்மண்ணை ஓர் அங்குல ஆழத்துக்குக் கொத்திவிட்டாலும் பலன் உண்டு. இறுகிப்போன மண்ணில் மெல்லிய குழாய்கள் மாதிரி இடைவெளிகள் கீழிருந்து மேல்வரை தொடர்ச்சியாக இருக்கும், விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுகிற மாதிரி அதில் தண்ணீர் ஏறி ஆவியாகும். கொத்திவிட்டால் அந்தத் தொடர்பு அறுந்துவிடும். மேலே இருக்கிற புழுதியே போர்வை.

மாடித்தரையைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் நிலத்தில் தோட்டம் போடுகிறவர்களுக்கு இல்லாத தொல்லை இது. சிமெண்டுத் தளம் பகல் முழுக்கச் சூட்டை வாங்கி வைத்துக்கொண்டு இரவு ஒன்பது பத்து மணிவரைக்கும் திருப்பிக் கொடுத்துக்கொண்டே இருக்கும். பை நேராகத் தரையில் உட்கார்ந்தால் அடிவேர் வெந்துவிடும். செங்கலோ, பழைய பலகையோ வைத்துத் தூக்குங்கள். பைகளைத் தனித்தனியாக வரிசை கட்டி நிறுத்துவது பார்க்க அழகுதான், ஆனால் கோடையில் எல்லாவற்றையும் நெருக்கி ஒரு கும்பலாகச் சேர்த்துவிடுங்கள். உயரமானவை மேற்குப் பக்கம், குட்டையானவை அவற்றின் நிழலில். ஒன்றின் பக்கவாட்டை இன்னொன்று மறைப்பதால் பையின் ஓரத்தில் வெயில் அடிக்காது. என்னிடம் பிழைத்த பதினொன்றில் ஒன்பது, தண்ணீர்த் தொட்டியின் கிழக்குப் பக்கம் ஒன்றோடொன்று ஒட்டி நின்றவை. மதியத்துக்கு மேல் தொட்டியின் நிழல் அவற்றின் மேல் விழும். நான் யோசித்து வைத்த இடம் இல்லை, வேறு இடம் இல்லாமல் அங்கே தள்ளியிருந்தேன். அடுத்த வருடம் அந்த நிழலையே மாடி முழுக்கக் கொண்டுவர 50 சதவீத நிழல்வலை வாங்கிக் கட்டினேன். பாதி வெயிலை வடிகட்டுகிறது, காற்றின் வேகத்தையும் குறைக்கிறது, இலை விடுகிற ஆவியும் அதனால் குறையும். ஓரளவுக்கு மேல் அடைக்க முடியாது என்று சொன்ன அந்த மூன்றாவது வாசலைக் கொஞ்சம் ஒருக்களித்து வைக்கிற வழி இது.

மதியம் இலை தொங்கினால் பதறிக்கொண்டு தண்ணீர் ஊற்றாதீர்கள். நல்ல ஈரம் இருக்கும் மண்ணிலும் இது நடக்கும். இலை இழக்கிற வேகத்துக்கு வேரால் ஈடுகொடுக்க முடியாதபோது இலை தொங்கிக் கொடுக்கிறது, அப்போது அதன் மேல் விழுகிற வெயிலும் குறையும். சாயங்காலம் நிமிர்ந்துவிட்டால் அது செடியே பார்த்துக்கொண்ட விஷயம். அடுத்த நாள் காலை ஆறு, ஏழு மணிக்கும் தொங்கிக்கொண்டே இருந்தால்தான் தாகம். அதற்கும் முன்னால் விரலை இரண்டு அங்குலம் மண்ணில் விட்டுப் பாருங்கள், ஈரம் ஒட்டினால் இன்று வேண்டாம். எங்கள் அம்மா விரல்கூட விட மாட்டார், பையின் விளிம்பைப் பிடித்து லேசாகச் சாய்த்துக் கனத்தைப் பார்த்தே சொல்லிவிடுவார். மத்தியானம் நான் குவளையும் கையுமாக மாடி ஏறினால், "நீ ஊத்துறது செடிக்கா, வெயிலுக்கா?" என்று கேட்பார். அந்தக் கேள்விக்குப் பிறகு விடிவதற்கு முன்னால் ஊற்றுகிற பழக்கம் வந்துவிட்டது. சாயங்காலமும் ஊற்றலாம், ஆனால் தரையின் சூடு இறங்கிய பிறகு.

தினமும் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிப்பது கெடுதல். மேல் ஓர் அங்குலம் மட்டும் நனைந்து காய்ந்து, வேரும் அங்கேயே மேலாகச் சுற்றும். இரண்டு நாளுக்கு ஒருமுறை, மெதுவாக, ரெண்டு தவணையாக ஊற்றுங்கள். முதல் தவணை மண்ணை இளக்கும், பத்து நிமிடம் கழித்து ஊற்றுவது ஆழத்துக்குப் போகும். கீழே ஒரு தட்டு வைத்தால் வழிந்ததும் வீணாகாது.

இதையெல்லாம்விட எனக்குப் பிடித்த முறை பானைப் பாசனம். சீனாவில் இரண்டாயிரம் வருடத்துக்கு முன்பே இதைச் செய்திருக்கிறார்கள், நம் பக்கத்திலும் மரக்கன்று வைக்கும்போது பக்கத்தில் பானையைப் புதைக்கிற வழக்கம் உண்டு. மெருகு ஏற்றாத, வண்ணம் பூசாத சின்ன மண் கலயம், ஒரு லிட்டர் பிடிப்பது போதும். அதைக் கழுத்து மட்டும் தெரியும்படி பைக்குள் புதைத்து, தண்ணீர் நிரப்பி, வாயை ஒரு மூடியால் மூட வேண்டும். மூடாமல் விட்டால் கொசு முட்டை வைத்துவிடும், டெங்கு கொசுவுக்குச் சுத்தமான தண்ணீர்தான் பிடிக்கும். கலயத்தின் சுவரில் இருக்கிற நுண்துளைகள் வழியாகத் தண்ணீர் கசியும். மண் காய்ந்திருந்தால் அதிகம் இழுக்கும், ஈரமாக இருந்தால் கசிவு தானாகவே குறைந்துவிடும். எவ்வளவு வேண்டும் என்று நாம் கணக்குப் போட வேண்டியதில்லை, மண்ணே கேட்டு வாங்கிக்கொள்ளும். தண்ணீர் வேர் இருக்கும் ஆழத்தில் இறங்குவதால் முதல் இரண்டு வாசல்களுமே கிட்டத்தட்ட அடைபட்டுவிடும். வாங்கும்போது சோதித்துவிடுங்கள்: தண்ணீர் நிரப்பி ஒரு மணி நேரம் வைத்தால் வெளிப்பக்கம் கறுத்துச் சில்லென்று வியர்க்க வேண்டும். வியர்க்காத கலயம் இதற்கு ஆகாது.

போன வருடம் ஒரு வெண்டைச் செடி காய்த்து ஓய்ந்த பிறகு பையைக் கவிழ்த்தேன். கலயம் வெளியே வந்தபோது அதன் மேல் வெள்ளை வேர்கள் நூல் நூலாக, வலை பின்னிய மாதிரி முழுக்கச் சுற்றியிருந்தன. கலயத்தின் சிவப்பே தெரியவில்லை. கத்தியால் கீறித்தான் பிரிக்க முடிந்தது.

கலயம் கிடைக்காதவர்கள் பழைய வேட்டியைக் கிழித்துத் திரியாக முறுக்கி, ஒரு முனையை வாளித் தண்ணீரிலும் மறு முனையை வேர்ப்பக்கமும் புதைக்கலாம். வாளி பையைவிட உயரத்தில் இருக்கட்டும், வாளிக்கும் மூடி வேண்டும்.

சரி, தண்ணீருக்கு எங்கே போவது? வீட்டுக்குள்ளேயேதான். அரிசி களைந்த கழனித் தண்ணீரும் காய்கறி கழுவிய தண்ணீரும் நேரே செடிக்குப் போகலாம். ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரைப் பலர் கவனிப்பதே இல்லை, சென்னைக் காற்றில் ஈரம் அதிகம் என்பதால் எங்கள் வீட்டில் ஓர் இரவில் பத்து லிட்டர் வாளி பாதிக்கு மேல் நிறைந்துவிடும். அதில் உப்பே இல்லை. துணி துவைத்த முதல் தண்ணீரைச் செடிக்கு ஊற்ற வேண்டாம், சோப்புத்தூளில் இருக்கிற சோடியம் மண்ணை இறுக்கிவிடும். கடைசி அலசலை வாழைக்கும் கல்வாழைக்கும் விடலாம். கிணற்றடியிலும் பாத்திரம் கழுவுகிற இடத்திலும் நம் பாட்டிகள் கல்வாழையும் சேம்பும் வைத்தது காரணமில்லாமல் இல்லை.

ஆர்.ஓ. கழிவுத் தண்ணீர் விஷயத்தில் மட்டும் கவனம் வேண்டும். ஒரு லிட்டர் குடிநீருக்கு மூன்று லிட்டர்வரை வெளியே தள்ளுகிறதே என்று அதைக் குடம் குடமாகப் பிடித்து 2019இல் கறிவேப்பிலைக்கு ஊற்றினேன். உங்கள் தண்ணீரின் டிடிஎஸ், அதாவது அதில் கரைந்திருக்கும் உப்பின் அளவு, 800 என்றால், குடிநீரில் சேராத உப்பெல்லாம் கழிவில் ஒதுங்குவதால் அது ஆயிரத்தைத் தாண்டிவிடும். தண்ணீர் ஆவியாகும், உப்பு ஆவியாகாது, பையிலேயே தங்கிச் சேரும். மூன்று வாரத்தில் பையின் விளிம்பில் வெள்ளையாகப் பூத்தது, விரலால் தேய்த்து நாக்கில் வைத்தால் உப்புக் கரித்தது. பிறகு இலை நுனிகள் நெருப்பு பட்ட மாதிரி பழுப்பாகக் கருகின. உப்பு ஏறிய மண்ணில் ஈரம் இருந்தாலும் வேரால் அதை இழுக்க முடியாது, ஈர மண்ணில் நின்றுகொண்டே செடி தாகத்தில் வாடும். இப்போது அந்தத் தண்ணீரை ஏசித் தண்ணீரோடு பாதிக்குப் பாதி கலந்து, வாரத்தில் இரண்டு நாள் மட்டும் ஊற்றுகிறேன். கறிவேப்பிலை மறுபடி துளிர்க்க அடுத்த தை மாதம் ஆனது.

இன்னொன்றும் செய்ய வேண்டும், அதுதான் மனசுக்குக் கஷ்டமானது. எல்லாச் செடியையும் காப்பாற்ற முடியாது. நாற்பது பைக்கு அரை வயிறு கொடுப்பதைவிட இருபது பைக்கு முழு வயிறு கொடுப்பது நல்லது என்று இப்போது உறுதியாக நம்புகிறேன். தக்காளியைப் பங்குனியோடு முடித்துவிடுங்கள், 35 டிகிரியைத் தாண்டினால் பூ கொட்டும், தண்ணீர் குடிக்கும், காய்க்காது. காய்த்து ஓய்ந்த கத்தரியை முழங்கால் உயரத்துக்கு வெட்டிக் கவாத்து செய்துவிட்டால் இலை குறைந்து செலவும் குறையும், மழைக்குப் பிறகு அதே கட்டையில் மறுபடி துளிர்க்கும். கறிவேப்பிலை, எலுமிச்சை, மல்லிகை மாதிரி வருடக்கணக்காக வளர்த்தவற்றுக்கு முதல் உரிமை. கோடையிலும் ஏதாவது பறிக்க வேண்டும் என்றால் கொத்தவரை, காராமணி, வெண்டை, தண்டுக்கீரை போதும். பிரண்டையும் கற்றாழையும் பகலில் இலைத்துளைகளை மூடிக்கொண்டு இரவில்தான் திறக்கும், அவற்றை நீங்கள் மறந்துவிட்டாலும் கோவித்துக்கொள்ளாது. உரம் கொடுப்பதைக் கோடையில் நிறுத்திவிடுங்கள், புது இலை விட்டால் புதுச் செலவு.

அப்புறம் ஆடி வரும். சென்னையில் அந்தச் சமயம் சாயங்காலங்களில் இடியோடு ஒரு மழை அடிக்கும். 2003லிருந்து வீடுதோறும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம் என்பதால் மாடிக் குழாய் பெரும்பாலும் தரைக்குள் போகும்படி ஏற்கெனவே இருக்கும், அந்தக் குழாயின் வழியில் ஒரு டிரம்மை மாட்டிவிட்டால் போதும். ஆயிரம் சதுர அடி மாடியில் 10 மில்லிமீட்டர் மழை பெய்தால் 900 லிட்டருக்கு மேல் விழுகிறது. முதல் மழை தூசியைக் கழுவிக்கொண்டு வரும், அதை விட்டுவிட்டு அடுத்ததைப் பிடியுங்கள். அந்த முதல் மழைக்குப் பைகளுக்கு ஒரு வேலை இருக்கிறது. நிழல்வலையைச் சுருட்டிவிட்டு, கும்பலாக இருக்கும் பைகளைப் பிரித்து, மாடி நடுவில் வைத்து நனைய விடுங்கள். கீழே வைத்த தட்டுகளை எடுத்துவிட வேண்டும். கோடை முழுக்கத் தட்டு வைத்து அடைத்த அடித்துளையை இந்த ஒருநாள் மட்டும் திறந்துவிடுகிறோம், சேர்ந்த உப்பு அந்த வழியாகத்தான் வெளியே போகும். முதலில் டீத்தண்ணீர் நிறத்தில் வரும், போகப்போகத் தெளியும். தெளிந்ததும் பைகளைத் திரும்ப அவற்றின் இடத்துக்கு நகர்த்தி, மண்ணைக் கொத்தி, கைப்பிடி மக்கிய எரு போட்டு, கத்தரியும் அவரையும் விதைக்க ஆரம்பிக்கலாம்.